கண்ணாடிச் சுவரைக் கடந்த குரல்

மார்ச் 4, புதன்

எட்டு மாதங்களாக எந்த மேடையும் என்னை அழைக்கவில்லை. அழைக்காத மேடைகளின் நன்றிகெட்ட தன்மையைப் பற்றி இன்று காலை குளியலறையில் இருபது நிமிடம் உரையாற்றினேன். எதிரொலி நன்றாக இருந்தது. யாரும் கை தட்டவில்லை, கதவைத்தான் தட்டினார்கள்.

"முடிஞ்சுதா, இன்னும் நன்றியுரை பாக்கியா? எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

இல்லாள்தான். பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். பகலெல்லாம் ஊராரை வாயைத் திறக்கச் சொல்பவள், வீடு திரும்பியதும் என்னை மட்டும் மூடச் சொல்வாள்.

மாலையில் முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கணினி விளையாட்டுப் போட்டிகளின் ஏற்பாட்டாளராம்.

"ஐயா, உங்க பேச்சு எங்க ஆளுங்க எல்லாருக்கும் மனப்பாடம்."

"எந்தப் பேச்சு?" என்றேன். ஆயிரத்துக்கு மேல் பேசியிருக்கிறேன் அல்லவா.

"அந்தச் சோம்பேறிப் பேச்சு ஐயா."

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விழாவில் முழங்கியது. "சுட்டியைச் சொடுக்கும் சோம்பேறிகளே! நீங்கள் இடிப்பது எதிரியின் கோட்டையை அன்று. ஈன்றோரின் நெஞ்சக் கோட்டையை!" அன்று காலைதான் மகளோடு அவளுடைய விளையாட்டைப் பற்றிப் பெரும் வாக்குவாதம். வீட்டில் தோற்ற போரை மேடையில் வென்றேன். அந்தக் காணொளியை இதுவரை நான்கு இலட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம்.

இம்மாதம் 21-ஆம் நாள் நடக்கும் ஒரு போட்டிக்கு நான் தூய தமிழில் நேர்முக வருணனை செய்ய வேண்டுமாம். "கலந்து சொல்கிறேன்" என்று வைத்தேன். உடனே இசைந்தால் மதிப்பிராது. நூறு வரை எண்ணிவிட்டு அழைப்பதாகத் திட்டம். முப்பத்தெட்டில் அழைத்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

யாருக்கும் யாருக்கும் போட்டி என்று நான் கேட்கவேயில்லை. ஒலிவாங்கி தனியா, பொதுவா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

காலையில் மகள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அப்பா, நீங்க ஒத்துக்கிட்டது யாரோட மேட்ச்னு தெரியுமா?"

"யாரோ இரண்டு இளைஞர்கள்."

"அதுல ஒரு இளைஞர் நான்."

ஆட்டக்களத்தில் எல்லாருக்கும் ஒரு புனைபெயர் உண்டாம். எதிராளியின் பெயர் ஆமை. கோட்டையை விட்டு வெளியே வராமல் ஆடுவதால் அப்படி. இவள் பெயரைக் கேட்டேன். சொன்னாள். "சோம்பேறி."

நான் மேடையில் எறிந்த கல்லை எடுத்துத் தன் பெயராகப் பதித்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் இரண்டாண்டுகளாக. அந்தப் பெயரைத்தான் இப்போது நான் ஊரறிய முழங்கப் போகிறேன்.

மறக்காமல் குறித்து வைக்கிறேன்: இந்தப் போட்டி அவளுக்கு விளையாட்டன்று. வெல்பவருக்கு ஓர் அணியில் ஓராண்டு இடம், தங்குமிடம், பயிற்சி எல்லாம் உண்டு. தோற்றால், காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்து இரண்டு மாதமாக அலமாரியில் கிடக்கும் பணி ஆணையோடு ஏப்ரல் முதல் நாள் வேலையில் சேர்ந்துவிட வேண்டும். இது இல்லாள் முன்னிலையில் நானே வகுத்த ஒப்பந்தம். வகுத்தபோது பத்து நிமிடம் பேசினேன். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 9, திங்கள்

விளையாட்டைப் பயில்கிறேன். மகளே ஆசிரியை. ஒரு நிலப்படம், ஆளுக்கொரு கோட்டை. பொன் தோண்டி, படை திரட்டி, எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். தன் ஆட்கள் நிற்கும் இடம் மட்டுமே வெளிச்சமாகத் தெரியும், மற்றதெல்லாம் இருள். எதிரி என்ன செய்கிறான் என்பது ஆடுபவருக்குத் தெரியாது. வருணனையாளருக்கு மட்டும் இரு பக்கமும் முழுவதும் தெரியும்.

"ஒருவர் காய் நகர்த்திய பின்னர்தானே மற்றவர்?" என்றேன்.

"இல்லப்பா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. யாரும் யாருக்காகவும் நிக்க மாட்டாங்க."

புரிந்துவிட்டது. குடும்பச் சண்டையின் இலக்கணம்தான்.

அந்த இருளுக்கு 'மறைமூட்டம்' என்று பெயர் சூட்டினேன். பணியாளுக்குப் 'பொன்னகழ்வோன்'. படைகளை உருவாக்கும் கட்டடத்துக்குப் 'படைவீடு'. நாற்பத்திரண்டு சொற்கள் ஆக்கினேன். மகள் பட்டியலைப் படித்தாள். 'படைவீடு' மட்டும் நன்றாயிருக்கிறது என்றாள். நாற்பத்திரண்டில் ஒன்று. என் உரைகளின் சராசரியும் அதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 13, வெள்ளி

துணை வருணனையாளரோடு ஒத்திகை. எல்லாரும் அவரை 'மின்னல்' என்கிறார்கள். மூச்சு விடாமல் பேசுகிற பெண். பழைய ஆட்டமொன்றை ஓடவிட்டு, என்னைத் தொடங்கச் சொன்னார்.

"கதிரவன் எழுமுன்னே கடும்பகை முடிக்கவெழுந்த காலாட்படையானது, குன்றின் அடிவாரத்தே குழுமி நின்று, கொடிகள் அசைய, குளம்பொலி அதிர..." என்று ஏறிக்கொண்டே போனேன். பயனிலையை நான் எட்டுவதற்குள் அந்தப் படை முழுவதும் செத்துவிட்டது.

"ஐயா, அவங்க போயிட்டாங்க" என்றார் மின்னல்.

"எங்கே?"

"மேல."

மார்ச் 16, திங்கள்

அந்தக் காணொளியை இன்று முழுமையாகப் பார்த்தேன். என் பேச்சை நறுக்கி, மேளம் சேர்த்து, "சோம்பேறிகளே... கோட்டையை... சோம்பேறிகளே..." என்று ஆட்டப் பாட்டாக்கியிருக்கிறார்கள். நான் கையை உயர்த்துவது ஐம்பது முறை திரும்பத் திரும்ப வருகிறது. பார்ப்பதற்குக் காக்கை விரட்டுபவன் போலிருக்கிறேன்.

அப்படியென்றால் என்னை அழைத்தது என் நாவன்மைக்காக அன்று. சிரிப்பதற்காக.

ஏற்பாட்டாளரை அழைத்து மறுத்துவிடுவதென்று முடிவெடுத்தேன். மறுப்புரையைக்கூட மனத்தில் யாத்துவிட்டேன். பிறகு ஏன் அழைக்கவில்லை? மகளுக்காக என்று எழுத ஆசைதான். நாட்குறிப்பிலாவது பொய் வேண்டாம். ஒலிவாங்கிக்காக.

மார்ச் 20, வெள்ளி

அரங்கத்தில் ஒலிச் சோதனை. மேடையின் இரு ஓரங்களிலும் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு கண்ணாடி அறைகள். நடுவில் எங்கள் மேசை. நாங்கள் சொல்வது ஆடுபவர் காதில் விழுந்துவிட்டால் ஆட்டமே பாழ். ஆகவே கண்ணாடி, அதற்குள் காதை அடைக்கும் ஒலிப்பான், அதற்குள் இரைச்சல் என்று மூன்றடுக்குக் காவல். ஒலிப்பொறியாளர் மகளை ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டு, "ஐயா, நாளைக்கு எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க" என்றார்.

எந்தப் பேச்சாளன் முதல் நாளே தொண்டையைச் செலவழிப்பான்? முப்பத்தொரு ஆண்டுப் பழக்கம். வெந்நீரை ஒரு மிடறு பருகி, வணக்கம் என்று முனகினேன். மகள் கண்ணாடிக்குள்ளிருந்து கட்டைவிரலை உயர்த்தினாள்; ஒன்றும் கேட்கவில்லையாம். ஒலிப்பொறியாளரும் மனநிறைவோடு குறித்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் மகள் சொன்னாள். "அப்பா, மைக் பக்கத்துலயே இருக்கு. சும்மா பேசினாலே போதும், சரியா?"

"எனக்கு ஒலிவாங்கியே வேண்டாமென்று உனக்குத் தெரியாதா?" என்றேன் பெருமிதத்தோடு.

மார்ச் 21, சனி

இன்று எழுத மாட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரும் என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை.

ஐந்து சுற்று. நான்கு முடிந்தபோது இருவரும் இரண்டிரண்டு வென்று சமநிலை. அதுவரை நான் அடங்கித்தான் இருந்தேன். உட்கார்ந்து பேசினேன், மின்னல் இடைவெளி தந்தபோது மட்டும் பேசினேன். அரங்கம் சிரித்தது உண்மை. ஆனால் மூன்றாம் சுற்றில் சிரிப்பு நின்று கேட்கத் தொடங்கியது. அதை நான் உணர்ந்தேன். எட்டு மாதப் பசி. அங்கேதான் சனியன் பிடித்தது.

ஐந்தாம் சுற்று. மகள் ஒரே ஒரு பொன்னகழ்வோனை அனுப்பி, நிலப்படத்தைச் சுற்றிக்கொண்டுபோய், ஆமையின் பொற்சுரங்கத்துக்குப் பின்னாலிருந்த காட்டில் ஒளித்து வைத்தாள். அங்கே ஒரு படைவீடு எழத் தொடங்கியது. எதிரியின் கொல்லையிலேயே படைவீடு. வெளியே வராத ஆமையை முதுகுப் பக்கத்திலிருந்து கவிழ்க்கும் திட்டம். மூன்று மாதமாக யாருக்கும் சொல்லாமல் பயின்றிருக்கிறாள். ஒருமுறைதான் பலிக்கும், தெரிந்துவிட்டால் செல்லாது.

நான் எழுந்தேன். உட்கார்ந்தபடி முழங்க எனக்குத் தெரியாது. எழுந்ததில் ஒலிவாங்கி இடுப்பளவில் நின்றுவிட்டது. அதனாலென்ன? நெஞ்சிலிருந்து எடுத்தேன்.

"அதோ, ஆமையின் பொற்சுரங்கத்துக்குப் பின்னே, அடர்கானகத்தின் மறைவிலே, எவரும் அறியாவண்ணம் எழுகின்றது ஒரு படைவீடு!"

எவரும் அறியாவண்ணம் என்பதை நான் சொன்ன சத்தத்தில் அடுத்த தெருவுக்கும் தெரிந்திருக்கும்.

கைதட்டல் வரவில்லை. மின்னல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கண்ணாடி அறைக்குள் ஆமை தலையை நிமிர்த்தியிருந்தான். அப்புறம் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு மேலே தூக்கினான். நடுவர் ஓடினார். ஆட்டம் நின்றது.

பெரிய உடம்பு, மெல்லிய குரல். நடுவர் அறைக் கதவைத் திறந்ததும் ஆமை சொன்னது எங்கள் மேசை வரை கேட்டது. "சார், எனக்குக் கேட்டுடுச்சு. காட்டுக்குப் பின்னாடின்னு. தெரிஞ்சுட்டு எப்படி ஆடறது?"

அவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு நாலு ஆளை அந்தப் பக்கம் அனுப்பியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? வாயை மூடத் தெரிந்தவன் உண்மைக்காகத் திறந்தான். மூடவே தெரியாதவன் நான்...

சுற்றை மீண்டும் ஆட வேண்டும் என்றார் நடுவர். நியாயம்தான். ஆனால் அவள் திட்டம் போச்சு. மூணு மாசம் பொத்திப் பொத்தி வச்சது. பெத்த அப்பனே கூரை ஏறிக் கத்திட்டான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. காதொலிப்பானைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். ஒருமுறை முறைத்திருக்கலாமே, ஏன் முறைக்கவில்லை?

நடுவர் என் ஒலிவாங்கியைக் கையால் பொத்தி, "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். முப்பத்தொரு ஆண்டுகளில் என்மேல் செருப்பு விழுந்திருக்கிறது, மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள், ஒருமுறை பந்தலே சரிந்திருக்கிறது. மேடையை விட்டு இறங்கியதில்லை. நேற்று இறங்கினேன். தண்ணீர்ப் பொறிக்குப் பக்கத்தில், நடைவழியில் நின்று, மின்னலின் குரலையும் கூட்டத்தின் மூச்சையும் வைத்து ஆட்டத்தைக் கேட்டேன். நாற்பத்தொரு நிமிடம். நேர்வழிப் போரில் ஆமையை வெல்வது கடினம் என்று அவளே எனக்குச் சொல்லியிருந்தாள்.

தோற்றுவிட்டாள்.

மார்ச் 25, புதன்

மன்னிப்புக் கேட்க முயன்றேன். முன்னுரையாகப் பிழை என்பதன் இயல்பைத் தொட்டேன். வாளுக்கும் நாவுக்கும் உள்ள வேற்றுமைக்கு வந்தேன்.

"அப்பா, நான் பல் தேய்ச்சுட்டு வந்துடறேன்" என்று போனாள். திரும்பி வந்தபோதும் நான் முன்னுரையில்தான் இருந்தேன்.

பிறகு இல்லாள் சமையலறையிலிருந்தே சொன்னாள். "ஒரே வார்த்தைங்க. மன்னிச்சிடும்மா. அதுக்கு எதுக்கு மூணு உவமை?"

அந்த ஒரு வார்த்தை வெறும் வாயில் வரவில்லை. அடுக்கித்தான் பழக்கம். தனியாக ஒரு சொல்லை எப்படி நிறுத்துவது?

மார்ச் 28, சனி

நான் மகளின் படைவீட்டைக் காட்டிக்கொடுத்தது இப்போது மேளத்தோடு வந்துவிட்டது. "எவரும் அறியாவண்ணம்" என்ற இடத்தில் குழல் வேறு. ஆறு இலட்சம் பேர்.

ஏப்ரல் 1, புதன்

காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள். கழுத்தில் அடையாள அட்டை. "எப்படி இருந்தது?" என்றேன். "அமைதியா இருந்துச்சு" என்றாள். அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்திற்று.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் அழைப்பு மணி. கதவைத் திறந்தால் ஆமை. வாசலை அடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்ற ஆராய்ச்சியில் இருந்தான்.

"உள்ள வாப்பா" என்றாள் இல்லாள். "இவர் வெளிய போய்டுவாரு, பயப்படாத."

வந்து உட்கார்ந்தவன் ஆட்டத்தில் இருப்பதுபோலவே வெகுநேரம் அசையவில்லை. பிறகு மகளைப் பார்த்துச் சொன்னான். "டீம்ல இன்னொரு இடம் காலி. ஜூன்ல ஓப்பன் செலக்‌ஷன். நீ வா."

"லீவு போடணும்."

"போடு. ஆனா ஒண்ணு. அங்க கண்ணாடி ரூம் எல்லாம் இல்ல. திறந்த ஹால். அறுநூறு பேர் கத்துவாங்க. ஹெட்போனையும் தாண்டி வரும். எனக்கே போன தடவை கை நடுங்கிச்சு." என் பக்கம் மெல்லத் திரும்பினான். "அங்கிள் வீட்ல இருக்காரே. அந்த வசதி எங்க யாருக்கும் இல்ல."

மகள் அன்றைக்குப் பிறகு முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிற பார்வை.

"அப்பா, தினம் காலைல ஆறு மணிக்கு நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

இதைவிட மரியாதையான அழைப்பு ஒன்பது மாதங்களில் வந்ததில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

காலை ஆறு மணி. அவள் நாற்காலிக்குப் பின்னால் மூன்றடியில் நின்றேன். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, "ம்" என்றாள். தலைப்பு கேட்டேன். "எதுவேணா பேசுங்க. நான் கேக்கப் போறதில்ல."

காதில் வாங்கப் போவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்த முதல் அவை. மற்ற அவைகள் அறிவிக்காமல் செய்தன.

அறம் பற்றி முழங்கினேன். இரண்டு ஆட்டத்திலும் தோற்றாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

மேல்மாடிக்காரர் வந்து, வீட்டில் ஏதாவது தகராறா என்று பரிவோடு விசாரித்தார். "இல்லண்ணா, கோச்சிங்" என்றாள் இல்லாள். என்னையா மகளையா பயிற்றுவிக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

மே 14, வியாழன்

நீர்மேலாண்மை. வென்றாள். நடுவில் நான் மேசையைக் குத்தியபோதும் அவள் கை நடுங்கவில்லை.

மே 30, சனி

கூட்டம் இடைவிடாமல் கத்தாதாம். திடீர் திடீரென்று வெடிக்குமாம். ஆமை சொல்லி அனுப்பியிருக்கிறான். ஆகவே அமைதி, பிறகு இடி என்று மாற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் இது நல்ல உத்தி. முப்பத்தொரு ஆண்டுகளாக நான் நிறுத்தவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஜூன் 5, வெள்ளி

இன்று நடுவில் நிறுத்திய அமைதியில், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஒரு வார்த்தை தானாக வந்துவிட்டது. முன்னுரையில்லை, உவமையில்லை. உரத்துக்கூடச் சொல்லவில்லை. அவள் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

கேட்கவில்லை. கேட்காதிருக்கத்தானே பயிற்சி. உடனே கடல்வாணிகத்துக்குத் தாவி இடித்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

தேர்வு. என்னை அரங்குக்கு வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானே போகவில்லை. வீட்டில் திரையில் பார்த்தோம். அறுநூறு பேர் கத்தினார்கள். கத்துவதில் பயிற்சி போதாது என்று இல்லாளிடம் சொன்னேன். "ஷ்" என்றாள்.

ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரைப் பற்றியும் திரையில் ஒரு குறிப்பு வந்தது. அவளுடையது: 'புனைபெயர்: சோம்பேறி. பயிற்சித் துணை: ஆமை. இரைச்சல்: அப்பா.'

இல்லாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன். மூக்குக்கண்ணாடியைத்தான்.

ஜூன் 22, திங்கள்

காப்பீட்டு அலுவலக அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெட்டி கட்டுகிறாள். கிளம்புமுன் என்னை அலைபேசியில் நாற்பது நிமிடம் பேசவைத்துப் பதிந்துகொண்டாள், அங்கே பயிற்சிக்காம். தலைப்பு கேட்கவில்லை. பழக்கமாகிவிட்டது. இருபத்துமூன்றாம் நிமிடத்தில் ஓர் அமைதி விட்டேன். அதற்குள் அந்த ஒரு வார்த்தையை மறுபடி வைத்தேன். பிறகு இடி.

ஜூலை 12, ஞாயிறு

மகள் அழைத்திருந்தாள். அணியின் பயிற்சியாளருக்கு என் பதிவு பிடித்துப்போய், நாள்தோறும் காலையில் கூடத்து ஒலிபெருக்கியில் போடுகிறாராம். ஐந்து பேரும் வரிசையாக அமர்ந்து, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, நாற்பது நிமிடம் என் பேச்சைக் கேட்காமலிருக்கப் பயில்கிறார்களாம். இத்தனை ஒழுங்காகத் தினமும் கூடுகிற அவை என் வாழ்நாளில் எனக்கு வாய்த்ததில்லை.

"எல்லாரும் நல்லா பழகிட்டாங்கப்பா" என்றாள். "என்னால மட்டும் அந்த இருபத்திமூணாவது நிமிஷத்துல முடியல. தினம் ஒரு ஆளாவது சாகறான்."

வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். இருக்கட்டும்" என்றாள்.

சரி என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் பேசவில்லை. பக்கத்திலிருந்த இல்லாள் எட்டி என் நெற்றியைத் தொட்டு, காய்ச்சலா என்று பார்த்தாள்.